வெள்ளி இரவு ஃபிராங்க்பர்ட்டில் இறங்குகிறேன், எதை முதலில் செய்வது?

புதுப்பெட்டி:

வணக்கம். ஜெர்மனியில் டார்ம்ஸ்டாட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மாஸ்டர்ஸ் கிடைத்திருக்கிறது. 2025 செப்டம்பர் 26, வெள்ளி இரவு 8 மணிக்கு ஃபிராங்க்பர்ட்டில் இறங்குகிறேன். கார்ல்ஸ்ஹோஃப் விடுதியில் அறை, ஆனால் ஒப்பந்தம் அக்டோபர் 1 முதல்தான். பிளாக்டு அக்கவுண்டில் (விசாவுக்காகக் கட்டிவைத்த, மாதத் தவணையாக மட்டும் விடும் கணக்கு) 11,904 யூரோ இருக்கிறது, ஃபாரெக்ஸ் கார்டில் 500. விசா டிசம்பர் 20 வரை. அன்மெல்டுங் (குடியிருக்கும் முகவரியை நகர அலுவலகத்தில் பதிவது) போட்டால்தான் பிளாக்டு அக்கவுண்ட் திறக்கும் என்கிறார்கள். வங்கிக் கணக்கு இருந்தால்தான் அதில் பணம் விழும் என்கிறார்கள். வீடு இல்லாமல் அன்மெல்டுங் இல்லை என்கிறார்கள். தலை சுற்றுகிறது. வரிசை சொல்லுங்கள்.

இன்னொன்று: பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலி. கிவன் நேமில் என் பெயரும் அப்பா பெயரும் சேர்ந்து இருக்கிறது. இதனால் தொல்லை வருமா?

ரைன்கரை:

முதல்ல, கார்டுல அந்த 500 போதாது, கூட்டுங்க. முதல் மாச வாடகை, அட்வான்ஸ், காப்பீட்டுத் தவணை, அக்டோபர் 1 வரைக்கும் அஞ்சு ராத்திரி தங்குறது, சாப்பாடு எல்லாம் பிளாக்டு அக்கவுண்ட் பணம் வர்றதுக்கு முன்னாடியே போகும். அது மாசம் 992 யூரோதான் விடும். முதல் தவணை கைக்கு வர ரெண்டு மூணு வாரம் ஆகும்னு வச்சுக்கிட்டே கணக்குப் போடுங்க. 1,500 யூரோவாவது வேணும், அதுல 200 ரொக்கமா. சின்ன பேக்கரி, துணி துவைக்கிற மெஷின், சந்தைக் கடை இங்கெல்லாம் நம்ம ஊர் கார்டு பல நேரம் எடுக்காது.

தேதியைப் பாருங்க. சனிக்கிழமை 27 ஒரு நாள்தான் கடை. ஞாயிறு கிட்டத்தட்ட எல்லாம் மூடியிருக்கும், விமான நிலையத்துலயும் பெரிய ரயில் நிலையங்கள்லயும் இருக்கிற கடைகளைத் தவிர. அடுத்த வெள்ளி அக்டோபர் 3 தேசிய விடுமுறை. ஆக அலுவலக வேலைக்கு உங்க கையில இருக்கறது திங்கள்லேர்ந்து வியாழன் வரை, நாலே நாள்.

சாவி விஷயம் பலரும் கோட்டை விடுறது. விடுதியில வரவேற்பு மேஜைன்னு ஒண்ணு 24 மணி நேரமும் உட்கார்ந்திருக்காது. ஹவுஸ்மைஸ்டர்னு ஒருத்தர் இருப்பார், வார நாள்ல குறிப்பிட்ட சில மணி நேரம் மட்டும். அக்டோபர் 1 புதன். அன்னைக்கு உங்களை மாதிரி ஏகப்பட்ட பேர் வரிசையில நிப்பாங்க. இப்பவே மின்னஞ்சல் போட்டு நேரம் வாங்குங்க. சாவி வாங்கும்போது அறை நிலவரம் எழுதுற ஒரு தாள்ல கையெழுத்துக் கேப்பாங்க. அதுக்கு முன்னாடி மெத்தைக் கறை, சுவர் ஓட்டை, ஜன்னல் கைப்பிடி, ஹீட்டர் குமிழ் எல்லாத்தையும் படம் எடுத்து, குறையை அந்தத் தாள்லயே எழுத வைங்க. இல்லைன்னா காலி பண்ணும்போது அட்வான்ஸ்ல கை வைப்பாங்க. போர்வை, தலையணை தர மாட்டாங்க. புதன் ராத்திரிக்கு ஒரு மெல்லிசுப் போர்வை பெட்டியில இருக்கட்டும்.

ஃபிராங்க்பர்ட் விமான நிலையம் முனையம் 1லிருந்து ஏர்லைனர்னு நேர் பஸ், அரை மணி நேரத்துல டார்ம்ஸ்டாட். செமஸ்டர் டிக்கெட், அதாவது மாணவர் பயணச் சீட்டு, அக்டோபர் 1லேர்ந்துதான் செல்லும். அதுவரைக்கும் ஒவ்வொரு தடவையும் டிக்கெட் வாங்கணும். பிடிச்சா 60 யூரோ, புதுசா வந்தவன்னு சொன்னா விட மாட்டாங்க.

வரிசைஎண்7:

வரிசை கேட்டீர்கள். சாவி, தபால் பெட்டியில் பெயர், அன்மெல்டுங், வங்கி, பிளாக்டு அக்கவுண்ட். இதில் இரண்டாவதுதான் யாரும் சொல்லாதது. ஆனால் அதில்தான் எல்லாம் சிக்கும்.

ஜெர்மனியில் தபால்காரர் அறை எண் பார்த்துக் கடிதம் போடுவதில்லை, பெட்டியில் ஒட்டிய பெயரைப் பார்த்துத்தான் போடுவார். பெயர் இல்லையென்றால் 'எம்ப்ஃபெங்கர் உன்பெகான்ட்', அதாவது பெறுநர் யாரென்று தெரியவில்லை என்று போட்டு அனுப்பியவருக்கே திருப்பிவிடுவார். வங்கி கார்டு ஒரு கடிதத்தில் வரும், அதன் ரகசிய எண் இரண்டு நாள் கழித்து இன்னொரு கடிதத்தில் வரும். வரி அடையாள எண், காப்பீட்டு அட்டை எல்லாமே தபால்தான். ஒன்று திரும்பினால் ஒரு வாரம் போச்சு. சாவி வாங்கிய அன்றே பெட்டியில் பெயர் ஒட்டுங்கள். விடுதியே அச்சடித்து ஒட்டுமென்றால் எப்போது ஒட்டுவார்கள் என்று கேட்டு, அதுவரை ஒரு காகிதத்தில் எழுதி டேப் போட்டுவிடுங்கள்.

இங்கேதான் உங்கள் பெயர்ச் சிக்கலும் வருகிறது. சர்நேம் இல்லாத பாஸ்போர்ட் இங்கே புதிதல்ல, தமிழ்நாட்டிலிருந்து வருபவர்களில் பலருக்கும் அப்படித்தான். தொல்லை பாஸ்போர்ட்டில் இல்லை. சர்நேம் கட்டத்தைக் காலியாக விட முடியாத ஆன்லைன் படிவங்களில் நாமே ஒரு இடத்தில் அப்பா பெயர், ஒரு இடத்தில் ஒரு புள்ளி, இன்னொரு இடத்தில் முழுப் பெயரையும் போட்டு வைப்பதில் இருக்கிறது. காப்பீட்டு நிறுவனம் பல்கலைக்கழகத்துக்கு மின்வழியில் அனுப்பும், நீங்கள் காப்பீடு பெற்றவர் என்று சொல்லும் எம்10 அறிவிப்பில் ஒரு பெயர், சேர்க்கை விண்ணப்பத்தில் வேறொரு பெயர் என்றால் இரண்டும் ஒரே ஆள் என்று அமைப்புக்குத் தெரியாது. சேர்க்கை நிலுவையில் நிற்கும். சேர்க்கைக் கடிதத்தில் எப்படி இருக்கிறதோ அதையே காப்பீடு, வங்கி, விடுதி எல்லாவற்றுக்கும் கொடுங்கள். தபால் பெட்டியில் இரண்டு பெயரையும் முழுதாக எழுதுங்கள். எந்தப் பாதியில் கடிதம் வந்தாலும் பிடித்துக்கொள்ளலாம்.

அன்மெல்டுங்: குடியேறிய நாளிலிருந்து இரண்டு வாரம். உங்களுக்கு அது அக்டோபர் 1இலிருந்து ஓடும், விமானம் இறங்கிய நாளிலிருந்து அல்ல. அதுவரை தற்காலிகமாகத் தங்கும் ஹாஸ்டல் முகவரியில் பதிவு செய்ய முயலாதீர்கள். பாஸ்போர்ட், படிவம், வீடு கொடுப்பவர் கையெழுத்திட்ட குடியேற்றச் சான்று ஆகிய மூன்றும் வேண்டும். வாடகை ஒப்பந்தம் அந்தச் சான்றுக்கு ஈடாகாது, 2015 நவம்பரிலிருந்து தனித் தாளாகவே கேட்கிறார்கள். சாவியோடு அதையும் கேட்டு வாங்குங்கள். டெர்மின், அதாவது அலுவலகத்தில் சந்திப்பு நேரம், இன்றே இணையத்தில் பாருங்கள். கிடைத்த தேதி அக்டோபர் 15ஐத் தாண்டினாலும் பதிவு செய்து, உறுதி மின்னஞ்சலைப் பத்திரப்படுத்துங்கள். சட்டப்படி அபராதம் 1,000 யூரோ வரை போகலாம். ஆனால் டெர்மின் கையில் இருக்கிறவரிடம் யாரும் பெரும்பாலும் அதைக் கேட்பதில்லை.

படிவத்தில் மதம் என்று ஒரு கட்டம். கத்தோலிக்கம் அல்லது எவாங்கேலிஷ் (புராட்டஸ்டன்ட்) என்று பதிந்தால், வருமான வரி கட்டும் அளவுக்குச் சம்பளம் வரும்போது, டார்ம்ஸ்டாட் இருக்கும் ஹெஸ்ஸெ மாநிலத்தில் அந்த வரித் தொகையில் 9 சதவீதம் கூடுதலாகத் தேவாலய வரியாகப் போகும். என்ன கட்டம் என்று தெரிந்து நிரப்புங்கள், அவ்வளவுதான்.

கடுகு:

வரிசைஎண்7 சொன்னதில் ஒரு திருத்தம். வங்கி அன்மெல்டுங்குக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. செயலி வழியாகக் கணக்குத் திறக்கிற சில வங்கிகளுக்குப் பாஸ்போர்ட்டும் ஒரு ஜெர்மன் முகவரியும் போதும், ஐபான்ங்கிற கணக்கு எண் அன்னைக்கே வந்துடும். வீடியோவில் அடையாளம் காட்டும்போது பாஸ்போர்ட்டை விளக்கு வெளிச்சம் படாம சாய்ச்சுப் பிடிங்க, ஹாலோகிராம் தெரியலைன்னா பாதியில துண்டிச்சுடுவாங்க. அதுவும் சரிப்படலைன்னா போஸ்ட்ஐடென்ட், தபால் கிளைக்குப் போய் நேர்ல காட்டறது. ப்ரீபெய்ட் சிம்முக்கும் இதே நடைமுறைதான். முதல் வாரத்துக்கு இசிம் ஒண்ணு இந்தியாவுலேயே போட்டுக்கிட்டு வாங்க, நிதானமா இங்க சிம் வாங்கலாம். இந்திய எண்ணை மட்டும் அணைச்சுடாதீங்க, ஓடிபி எல்லாம் அதுலதான்.

காப்பீட்டில் ஒரு ஓட்டை: அரசுக் காப்பீட்டு மாணவர் திட்டம் உங்களுக்கு அக்டோபர் 1லேர்ந்துதான் தொடங்கும். செப்டம்பர் 26லேர்ந்து 30 வரைக்கும் பயணக் காப்பீடு ஓடுதான்னு தேதியைப் பாருங்க. 30 வயசுக்குக் கீழன்னா அரசுக் காப்பீட்டுலயே இருங்க, 2025 கணக்குப்படி மாசம் சுமாரா 140லேர்ந்து 150 யூரோ வரும். மலிவா இருக்கேன்னு தனியார்ல சேர விலக்குக் கடிதம் வாங்கினா, படிப்பு முடியற வரைக்கும் திரும்ப வர முடியாது.

புதுப்பெட்டி:

மூவருக்கும் நன்றி. பெயரை இன்றே எல்லாப் படிவத்திலும் ஒத்துப் பார்க்கிறேன். அம்மா ஒரு கிலோ நெய், கறிவேப்பிலை, பிரஷர் குக்கர், மிக்சி எல்லாம் பெட்டியில் வைக்கிறார்கள். வைக்கலாமா? படிப்புப் பக்கம் ஏதாவது கவனிக்க வேண்டுமா?

மூணாவது_விசில்:

தம்பியோ தங்கச்சியோ தெரியலை, நெய்யை எடுத்து வெளியே வைங்க. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலேர்ந்து பயணிகள் பால் பொருள், இறைச்சிப் பொருள் கொண்டுவரக் கூடாது. நெய், பால்கோவா, கருவாட்டுக்குப் பதிலா சில வீட்டுல கொடுத்து விடுற உப்புக்கண்டம் எல்லாம் அதுல அடக்கம். கறிவேப்பிலை செடி நலச் சான்று இல்லாம நுழையாது. பொடி வகை, புளி, பருப்பு, அப்பளம் தாராளமா வரட்டும். ஊறுகாயை ரெண்டு கவர்ல கட்டுங்க. பச்சைக் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் பெரிய நகரங்கள்ல ஈழத்தமிழர் கடைகள்ல கிடைக்கும். நெய்க்குக் கவலையே வேண்டாம், இங்க உப்பில்லாத வெண்ணெய் 250 கிராம் கட்டியா விக்குது, உருக்கிக்கலாம்.

குக்கர்: விடுதி அடுப்பு என்னன்னு கேளுங்க. இண்டக்‌ஷன்னா அலுமினியக் குக்கர் வேலைக்காகாது. அடியில காந்தம் ஒட்டினா எடுத்துவாங்க, ஒட்டலைன்னா வீட்டுலேயே விடுங்க. சாதா கண்ணாடி அடுப்புன்னா அலுமினியமும் ஓடும், ஆனா அடி தட்டையா இருக்கணும், உருண்டை வாணலி ஆடும். இந்த அடுப்புல நமக்குப் பழகாத விஷயம் ஒண்ணு இருக்கு: குமிழை அணைச்சாலும் தட்டு பல நிமிஷம் கொதிச்சுக்கிட்டே இருக்கும். மூணு விசில்ல சாதம் ஆகணும்னா ரெண்டாவது விசில்லயே அணைங்க, மூணாவது வந்ததும் குக்கரைத் தூக்கிப் பக்கத்துல சூடில்லாத தட்டுல வைங்க. இல்லைன்னா அஞ்சு ஆறுன்னு அடிச்சு அடி பிடிக்கும்.

தாளிப்பு அதைவிட முக்கியம். அறையில புகை கண்டுபிடிக்கிற கருவி இருக்கும், தாழ்வாரத்துல இருக்கறது சில கட்டடங்கள்ல தீயணைப்புத் துறையோடயே இணைஞ்சிருக்கும். வீணா வண்டி வந்தா பில் உங்க பேர்ல வரலாம். கடுகு வெடிச்சதும் அடுப்பை அணைச்சுட்டு, இருக்கற சூட்டுலயே காய்ஞ்ச மிளகாயைப் போடுங்க, நிறம் மாறும்போதே குழம்புல கொட்டுங்க. புகை வந்துட்டா ஜன்னலைத் திறங்க, தாழ்வாரக் கதவைத் திறக்காதீங்க. எல்லாரும் பதறிப்போய்ச் செய்யற தப்பு அந்தக் கதவுதான்.

மிக்சி வரட்டும், 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் ரெண்டு ஊருலயும் ஒண்ணுதான். நம்ம மூணு முனைப் பிளக் மட்டும் இங்க நுழையாது. எர்த் தொடர்புள்ள அடாப்டரா பார்த்து வாங்குங்க. விமான நிலையத்துல விக்கற உலக அடாப்டர் பலதுலயும் எர்த் கிடையாது. ராத்திரி 10லேர்ந்து காலை 6 வரைக்கும் மிக்சி போடாதீங்க, ஞாயிறும் வேண்டாம். சட்னியை சனிக்கிழமையே அரைச்சுடுங்க.

குளிர் வந்ததும் ஜன்னலை முழுக்க அஞ்சு பத்து நிமிஷம், நாளைக்கு ரெண்டு மூணு தடவை திறங்க. சும்மா சாய்ச்சு வச்சா சுவர் குளிர்ந்து பூஞ்சை பிடிக்கும், அறைக்குள்ள துணி காயப்போட்டா இன்னும் சீக்கிரம் பிடிக்கும்.

வரிசைஎண்7:

படிப்புப் பக்கம் ஒன்றே ஒன்று, ஆனால் பெரியது. வகுப்பில் உட்கார்ந்தால் தேர்வு எழுதலாம் என்று நினைக்காதீர்கள். டார்ம்ஸ்டாட்டில் டூகான் என்ற தளத்தில் மாட்யூலுக்கும் (பாடத்தொகுதி) வகுப்புக்கும் பதிய வேண்டும். தேர்வுக்குப் பதிவு தனி, அது செமஸ்டர் நடுவில் வரும். அந்தக் கெடுவைத் தவறவிட்டால் எல்லா வகுப்புக்கும் போயிருந்தாலும் தேர்வு அறையில் உங்கள் பெயர் இருக்காது. மதிப்பெண்ணும் தலைகீழ், 1.0 சிறந்தது, 4.0 வரை தேர்ச்சி, 5.0 தோல்வி. ஒரு தேர்வை மூன்று முறைதான் எழுதலாம். மூன்றிலும் போனால் அந்தப் படிப்பிலிருந்தே வெளியேற்றம். முதல் செமஸ்டரில் ஆறு ஏழு பாடத்தை அள்ளிப் போட வேண்டாம்.

டிசம்பர் 20 விசாவுக்கு அக்டோபர் கடைசிக்குள் வெளிநாட்டவர் அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். விசா முடியும் முன் விண்ணப்பித்திருந்தால், அட்டை தாமதமானாலும் உங்கள் இருப்பு சட்டப்படிதான். அதற்கு ஃபிக்சியோன்ஸ்பெஷைனிகுங் என்று ஒரு தாள் தருவார்கள், கேட்டு வாங்குங்கள். அட்டைக்கான கட்டணம் 100 யூரோ. காகிதப் புகைப்படத்தை 2025 மே மாதத்திலிருந்து ஏற்பதில்லை, டிஜிட்டல் படம்தான். இந்தியாவில் எடுத்த பாஸ்போர்ட் சைஸ் படங்கள் இதற்கு உதவாது.

கடுகு:

ஒரு கடிதம் பத்திச் சொல்ல விட்டுப்போச்சு. அன்மெல்டுங் போட்டுக் கொஞ்ச நாள்ல ஒலிபரப்புக் கட்டணம்னு மாசம் 18.36 யூரோ கேட்டு வரும். டிவி இல்லைன்னு தூக்கிப் போடாதீங்க, டிவி இருந்தாலும் இல்லாட்டியும் வீட்டுக்கு ஒண்ணு, சேர்த்து வச்சு வசூலிப்பாங்க. ஆனா சேர்ந்து குடியிருக்கிற ஃபிளாட்ல ஒருத்தர் கட்டினா போதும். ஏற்கெனவே கட்டறவரோட ஒன்பது இலக்க எண்ணை வாங்கி அந்தப் பதில் படிவத்துல எழுதி அனுப்புங்க. தனி வாசலோட ஒத்தை அறைன்னா நீங்கதான் கட்டணும். கார்ல்ஸ்ஹோஃப்ல உங்களுக்குக் கிடைச்சது எந்த வகைன்னு ஒப்பந்தத்துல இருக்கும், பாருங்க.

புதுப்பெட்டி:

பார்த்துவிட்டேன், ஆறு பேர் சேர்ந்த ஃபிளாட். ஹவுஸ்மைஸ்டருக்கு மின்னஞ்சல் போட்டாச்சு. குக்கர் அடியில் காந்தம் ஒட்டவில்லை.