நன்கொடை சைக்கிள் சவாரியில் மறக்க முடியாத சந்திப்பு: டைப் 2 நீரிழிவுக்காரர்கள் எழுதுங்கள்

பின்சக்கரம்:
பாதி வழி நிறுத்தத்தில் நடந்தது. சர்க்கரையை அளவுக்கு மேல் இறக்கிவிடக்கூடிய கிளிமிபிரைடு மாத்திரை சாப்பிடுகிறவன் நான், அதனால் இறங்கியதும் மீட்டரில் சர்க்கரை அளவைப் பார்ப்பது வழக்கம். 64. தாழ்ந்துவிட்டது. பின்கழுத்தில் குளிர்ந்த வியர்வை, உதடு மரத்த மாதிரி. மேசையில் இருந்த சர்க்கரை ஜெல் பாக்கெட்டை எடுத்துப் பிரிக்கப் போனேன். அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் டூர் டி கியூர் சவாரியில் கொடுப்பது போல இந்தச் சவாரியிலும் நீரிழிவு உள்ளவர்களுக்குச் சிவப்பு ஜெர்சி. பக்கத்தில் நின்ற இன்னொரு சவாரிக்காரர் அதைப் பார்த்துவிட்டு, சட்டென்று பாக்கெட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "சர்க்கரை இருக்கிறவங்க இதைத் தொடவே கூடாதுங்க."

அதோடு விட்டாரா? கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, பின்பக்கத்துப் பொடி எழுத்தை எனக்குப் படித்துக் காட்டினார். "மாவுச்சத்து 25 கிராம், பாருங்க." என் விரல் நடுங்குகிறது, அவர் சோடியம் வரைக்கும் வந்துவிட்டார். கோபம் வருகிறது, வாயில் வார்த்தை வரவில்லை. சர்க்கரை லோ ஆனவர்களுக்குத் தெரியும் அது. தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்த தன்னார்வலர் ஒரு பெண். எதுவும் பேசாமல் வந்து, பாக்கெட்டை அவரிடமிருந்து பிடுங்கி, பல்லால் கிழித்து என்னிடம் நீட்டினார்.

அந்த மனிதர் நீரிழிவுக்காக நிதி திரட்டிக்கொண்டுதான் மிதிக்க வந்திருந்தார். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

மேடேறி:
எனக்கு அவர் மேல் அவ்வளவு கோபம் வரவில்லை, பின்சக்கரம். கூடவே வாழ்கிறவர்களுக்கே புரிவதில்லை. என் கையில் சர்க்கரை அளவைக் காட்டும் சென்சார் ஒட்டியிருக்கும், அளவு மனைவியின் போனுக்கும் போகும். செங்குத்தான ஏற்றம், மூச்சு வாங்குகிறது, முதுகுப் பையில் போன் அடிக்கிறது. விட்டுவிட்டேன். மறுபடி அடிக்கிறது. சரி என்று காலை ஊன்றி எடுத்தேன்.

"என்ன சாப்பிட்டீங்க? 214 காட்டுது."

"தண்ணிதான்."

"பொய் சொல்லாதீங்க."

உயிரைக் கொடுத்து மிதிக்கும்போது அட்ரினலின் ஏறும். கல்லீரல் சேர்த்துவைத்த குளுக்கோஸைத் திறந்துவிடும். கொஞ்ச நேரத்துக்கு அளவு ஏறத்தான் செய்யும். இதை ஏற்றத்தின் நடுவில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு, மூச்சிரைக்க விளக்கிப் பாருங்கள். அப்புறம் சமதரையில் நிதானமாக மிதித்ததில் 130க்கு இறங்கியது. அதற்குப் போன் வரவில்லை.

பழைய ஹேண்டில்பார்:
எனக்குச் சொல்ல ஒன்றுதான். ஜெல் ஒட்டிய விரலிலேயே ஒருவர் குத்திப் பார்த்தார். 300ஐத் தாண்டிக் காட்டியதும் முகம் வெளுத்துவிட்டது. கையைக் கழுவிவிட்டுப் பார்க்கச் சொன்னேன், 142. அவ்வளவுதான் கதை.

ஆனால் மேலே படித்ததும் சிலதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பின்சக்கரம், 64க்கு முழு ஜெல் தேவையில்லை. 15 கிராம் மாவுச்சத்து எடுத்துக்கொண்டு 15 நிமிடம் பொறுத்துப் பாருங்கள், 70க்குக் கீழேயே நின்றால் இன்னொரு 15 கிராம். குளுக்கோஸ் மாத்திரை என்றால் பெரும்பாலும் ஒன்று 4 கிராம், கணக்கு எளிது. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு இந்தப் பயம் அநேகமாக இல்லை. ஆளைக் கவிழ்ப்பது இன்சுலினும் உங்கள் கிளிமிபிரைடு வகையும்தான். ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் தரும் பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவர்களுக்குப் படபடப்பு தெரியாமலே இறங்கிவிடும், வியர்வைதான் காட்டிக்கொடுக்கும். நீண்ட தூரம் மிதித்த அன்று ராத்திரியும் கவனம் வேண்டும், ஏனென்றால் தசை 24 மணி நேரம், சில சமயம் அதற்கு மேலும் குளுக்கோஸை இழுத்துக்கொண்டே இருக்கும். சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் டாபாகிளிஃப்ளோசின் மாதிரி மாத்திரை என்றால் சிறுநீரில் நீர் அதிகம் போகும், பாட்டிலைக் காலியாக விடாதீர்கள். மேடேறி, சென்சார் பார்ப்பது ரத்தத்தை இல்லை, தோலுக்கடியில் இருக்கும் திரவத்தை. வேகமாக ஏறி இறங்கும்போது சில நிமிடம் பின்தங்கித்தான் காட்டும். வீட்டில் எடுத்துச் சொல்லுங்கள்.

சங்கிலி உராய்வு:
ஐயா, கேட்டது அனுபவம். நீங்கள் மருந்துச்சீட்டு எழுதிவிட்டீர்கள். முழு ஜெல் வேண்டாமாம்! அவர் இன்னும் பாதி தூரம் மிதிக்க வேண்டியவர், எதை வைத்து மிதிப்பார்?

என்னுடையது கிளம்புமிடத்தில் நடந்தது. பக்கத்தில் ஒரு அப்பாவும் பத்துப் பன்னிரண்டு வயதுப் பெண்ணும். அந்தப் பெண்ணுக்கும் சிவப்பு ஜெர்சி, இடுப்பில் இன்சுலின் பம்ப். அப்பா சிநேகமாகத்தான் பேச்சுக் கொடுத்தார். "நீங்க எந்த டைப்?" இரண்டு என்றேன். "ஓ" என்றார். அந்த 'ஓ'வோடு கண் என் வயிற்றுக்கு இறங்கி, திரும்ப மேலே வந்தது. அப்புறம் குனிந்து மகளின் ஹெல்மெட் வாரை இழுத்துச் சரிசெய்தார், ஏற்கெனவே இறுக்கமாக இருந்த வாரை. எங்கள் குடும்பத்தில் ஒல்லியாக இருந்தவர்களுக்கும் வந்த நோய் இது. அதைச் சொல்ல அவர் இடம் கொடுக்கவில்லை. நானும் கேட்டு வாங்கவில்லை. நன்கொடை கேட்கப் போனபோதும் இதே பார்வையை வாங்கியிருக்கிறேன், ஆனால் சிவப்பு ஜெர்சிக்குள் நின்றுகொண்டு வாங்கியது வேறு.

கடைசி ஆள்:
சண்டை போடுகிறவர்கள் போடுங்கள், நான் சொல்லிவிட்டுப் போகிறேன். எப்போதும் கடைசியில் வருகிறவன். பின்னால் வரும் உதவி வண்டியின் ஓட்டுநர் ஜன்னலை இறக்கி, "ஏறிக்கங்க சார்" என்பார், நான் கையாட்டி மறுப்பேன். எங்களுக்குள் இது பழகிப்போனது. போன தடவை அவர் ஏறச் சொல்லவில்லை. "சார், ஷூவைப் பாருங்க" என்றார். வலது ஷூவின் ஓரத்தில் ஈரக்கறை. கழற்றினால் கடலையளவு கல், அது கிடந்த இடத்தில் தோலே இல்லை. காலுறை பாதத்தோடு ஒட்டிப்போயிருந்தது. சர்க்கரையால் பாதம் மரத்துப்போனவன், எனக்கு வலியே தெரியவில்லை. அவர் முகம்தான் சுருங்கியது. எனக்கு வலிக்க வேண்டியதெல்லாம் அவருக்கு வலித்தது.

சங்கிலி உராய்வு:
கடைசி ஆள், ஆறிவிட்டதா?

கடைசி ஆள்:
ஆறிவிட்டது, ஆனால் நாளெடுத்தது. இப்போது ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஷூவைக் கழற்றி உதறுகிறேன், உள்ளே கையையும் விட்டுப் பார்க்கிறேன். அதனால் இன்னும் கடைசி.

பழைய ஹேண்டில்பார்:
வெள்ளைக் காலுறை போடுங்கள், ரத்தம் பட்டால் உடனே தெரியும். இதையும் மருந்துச்சீட்டு என்றால் சொல்லிக்கொள்ளுங்கள்.