மொறிஸ் மைனர் 1098: தகட்டில் எல், புத்தகத்தில் 8.5, கேஜில் 10. எது உண்மை?

கேள்வி (கொக்குவில் மைனர்):

வணக்கம். 1965 மைனர், 1098 சிசி எஞ்சின். டைனமோவுக்கு மேலே பிளாக்கில் உள்ள தகட்டில் 10எம்ஏ-யூ-எல் என்று இருக்கிறது. கையில் உள்ள கையேடு கொம்பிரஷன் விகிதம் 8.5 என்கிறது. கேஜ் போட்டுப் பார்த்ததில் நாலு சிலிண்டரும் 146, 144, 147, 143 பிஎஸ்ஐ. அதை வளிமண்டல அழுத்தமான 14.7ஆல் வகுத்து, "இது 10, அதுதான் 92 ஒக்ரேன் பெற்றோலுக்குத் தட்டுது, 95 அடியுங்கோ" என்று கராஜில் சொல்கிறார்கள். ஏற்றத்தில் டொப் கியரில் தட்டுவது (எரிபொருள் நேரம் தவறி வெடித்து டக் டக் என்று கேட்பது) உண்மைதான். எந்த எண்ணை நம்புவது?

பதில் 1 (எஸ்யூ காபரேற்றர்):

14.7ஆல் வகுக்கும் கணக்கை முதலில் விட்டுவிடுங்கள். விகிதம் என்பது பிஸ்டன் கீழே நிற்கும்போது உள்ள கனஅளவு, அது உச்சியில் நிற்கும்போது மிஞ்சுவதைப்போல் எத்தனை மடங்கு என்பது; கேஜ் காட்டுவது அழுத்தம். காற்றை அமுக்கும்போது அது சூடாகும், அதனால் அழுத்தம் விகிதத்தைவிட வேகமாக ஏறும். இன்னொரு பக்கம், இன்லெற் வால்வு பிஸ்டன் கீழே போய்த் திரும்பி 45 பாகை ஏறிய பிறகுதான் மூடும். ஸ்ட்ரோக்கில் ஏறக்குறைய 89 சதவீதம்தான் உண்மையில் அமுக்கப்படுகிறது. இரண்டையும் சேர்த்து, வெப்ப இழப்பையும் கருதி விகிதத்துக்கு 1.25 அடுக்கு வைத்துக் கணக்கிட்டால், நல்ல நிலையில் உள்ள 7.5 எஞ்சின் 145 அளவும் 8.5 எஞ்சின் 170க்குக் கொஞ்சம் மேலும் காட்ட வேண்டும்.

தகட்டில் கடைசி எழுத்து எச் என்றால் 8.5, எல் என்றால் 7.5. ஆக உங்கள் 145 ஒன்றில் ஆரோக்கியமான எல், இல்லாவிட்டால் தேய்ந்த எச். பிரிக்க ஒரு வழி: எஞ்சினைச் சூடாக்கி, நாலு பிளக்கையும் கழற்றி, த்ரொட்டிலை முழுதாகத் திறந்து, பற்றறி நல்ல சார்ஜில் இருக்கச் சுற்றுங்கள். பிறகு ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஒயில் விட்டு மறுபடி பாருங்கள். எண் தாவினால் ரிங் தேய்வு.

ஆனால் எல் எஞ்சின் 92க்குத் தட்டக்கூடாது. டைமிங் சரியென்றால் தகடு மட்டும்தான் எல் என்று சந்தேகப்படுங்கள்.

பதில் 2 (அரைக்கல்):

அறுபது வருட எஞ்சினில் தகடு பிளாக் பிறந்த கதையைத்தான் சொல்லும். ஹெட்டைக் கழற்றி அளந்தால் ஒழிய விடை இல்லை.

1098ஐ நாலால் வகுத்தால் ஒரு சிலிண்டருக்கு 274.5 சிசி. 8.5 வர பிஸ்டனுக்கு மேலே மொத்தம் 36.6 சிசி வேண்டும், 7.5 வர 42.2. சண்டை வெறும் 5.6 சிசிக்குத்தான், எனவே அளவு துல்லியமாக இருக்க வேண்டும்.

6 மிமீ அக்ரிலிக் தகட்டில் இரண்டு துளை போடுங்கள், ஒன்று ஊற்ற, ஒன்று காற்றுப் போக. ஹெட்டைக் கவிழ்த்து, வால்வு இருக்கைகளில் மெல்லக் கிரீஸ் தடவி, சரியான நீளப் பிளக்கை முறுக்கி, தகட்டைக் கிரீஸில் ஒட்டி, சிரிஞ்சால் நிறம் கலந்த மண்ணெண்ணெய் விடுங்கள். குமிழி ஒன்று மாட்டினாலே அரை சிசி பிழைக்கும். வெட்டாத 12ஜி202 ஹெட் (1098இன் சொந்த ஹெட்) சுமார் 26 சிசி பிடிக்கும். ஹெட்டின் உயரத்தையும் அளவுங்கள்: புதிதில் 2.75 அங்குலம்.

அடுத்து பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, விளிம்பு இடைவெளியைக் கிரீஸால் அடைத்து, வழித்துவிட்டு அதே தகட்டால் அளவுங்கள். பிஸ்டன் தலையில் ஓவர்சைஸ் எண் (சிலிண்டர் எவ்வளவு பெரிதாக வெட்டப்பட்டது, அங்குலத்தின் ஆயிரத்தில்) பொறித்திருக்கும், அதையும் பாருங்கள். அமுங்கிய கஸ்கட் சுமார் 3 சிசி.

ஒன்று கவனியுங்கள். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையின்போது யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய எஞ்சின் என்றால், தட்டாமல் இருக்க இரட்டைக் கஸ்கட் போட்டிருக்கவும் கூடும். எச் எஞ்சினில் அது 8.5ஐ 7.9 ஆக்கும். எரியாத மண்ணெண்ணெய் சம்பில் (எஞ்சினடி ஒயில் தொட்டியில்) இறங்கி ஒயிலை நீர்த்துப்போகச் செய்யும், ரிங்கும் போரும் அதனால்தான் தேயும்.

கொக்குவில் மைனர்:

நன்றி அண்ணை. ஒயில் விட்டதும் நாலும் 180க்கு மேல் போனது. பிறகு ஹெட்டைக் கழற்றினோம். உயரம் 2.70 அங்குலம், அறை 23.5 சிசி. பிஸ்டன் பக்கம் 7.5 சிசி, தலையில் 040. கஸ்கட் ஒன்றுதான்.

பதில் 2 (அரைக்கல்):

அப்ப கணக்கு இது. 40 ஓவர்சைஸில் போர் 65.61 மிமீ, சிலிண்டருக்கு 283 சிசி. மேலே 23.5 + 3 + 7.5 = 34. 283ஐ 34ஆல் வகுத்து ஒன்றைக் கூட்டினால் 9.3. எல் பிளாக்கில் யாரோ எச் பிஸ்டன் போட்டு, ஹெட்டையும் 50 தவ் (0.050 அங்குலம்) சீவியிருக்கிறார்கள். 9.3க்குக் கேஜ் 190 தாண்டிக் காட்ட வேண்டும். தேய்ந்த ரிங்தான் அதை 145இல் மறைத்து வைத்திருந்தது. ரிங்கை மட்டும் மாற்றினால் இன்னும் மோசமாகத் தட்டும், அதைச் செய்யாதீர்கள்.

போர் எப்படியும் வெட்ட வேண்டிவரும். 60 ஓவர்சைஸில் ஆழக் குழியுள்ள எல் பிஸ்டன் தேடுங்கள். பிஸ்டன் பக்கம் 13 சிசி அளவு வரும். இதே ஹெட்டோடு 8.3 கிடைக்கும், 92இல் தாராளமாக ஓடும். எச் பிஸ்டன்தான் கிடைக்கிறது என்றால் சீவாத 12ஜி202 ஹெட் வாங்குங்கள். 12ஜி940 ஹெட் மலிவாக வந்தாலும் வேண்டாம், எக்ஸோஸ்ற் வால்வு பிளாக்கில் இடிக்கும். பிஸ்டன் வந்ததும் பொருத்த முதல் குழியை ஒருக்கா அளந்து இங்கே போடுங்கோ.