சோம்னலன்ஸ்: தூக்க மயக்கமா, தூக்கச்சொக்கா?

> மருந்துத் தாள்களில் பக்கவிளைவாக வரும் சோம்னலன்ஸ் (somnolence) என்பதற்குத் 'தூக்க மயக்கம்' என்று போடலாமா?

ஐயா, 'மயக்கம்' வேண்டாம். அதைப் படிக்கும் நோயாளி தலைசுற்றி விழுவதாகத்தான் எடுத்துக்கொள்வார். அறுவைக்கு முன் கொடுப்பதும் மயக்க மருந்தே. ஒவ்வாமைக்குத் தரும் செட்டிரிசின் செய்வது அதுவல்ல. கண் செருகும், கூப்பிட்டால் விழித்துப் பதில் சொல்வார், விட்டால் மறுபடி சாய்வார். நினைவுநிலையைக் குறிக்கும்போது மருத்துவர்கள் சோம்னலன்ஸ் என்பதும் இந்தப் படியைத்தான். ஸ்டூப்பர் இதைவிட ஆழம்: வலிக்கும்படி அழுத்தினால்தான் அசைவார்.

இலத்தீனில் சோம்னுஸ் உறக்கம். பின்னொட்டுக்கு 'மிகுந்த' என்று பொருள். பிரெஞ்சு வழியே 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்கு வந்தது. கிரேக்க ஹிப்னோஸ், வடமொழி ஸ்வப்ன எல்லாம் அதே வேர். நம் சொப்பனமும் அந்த வழிதான், ஆனால் தமிழில் அது கனவோடு நின்றுவிட்டதால் இங்கே உதவாது. இதே நிலைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் டிரௌசி (drowsy) ஜெர்மானியக் கிளை. பழைய பொருள் தொய்தல், சாய்தல். மந்தத்தைக் குறிக்கும் லெத்தார்ஜிக்குள் (lethargy) இருப்பதோ மறதி. குறள் 605 மறவி, மடி, துயில் என்று தனித்தனியே எண்ணியிருக்க, எல்லாவற்றையும் நாம் 'சோர்வு' என்று எழுதிக்கொண்டிருக்கிறோம்!

> 'தூக்கக் கலக்கம்' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே? 'கண்ணயர்வு'ம் நல்ல சொல்தான்.

தூக்கக் கலக்கம் எழுந்த பிறகும் தெளியாத நிலைக்கே கூடுதலாகப் பொருந்தும். ஆங்கிலத்தில் ஸ்லீப் இனர்ஷியா (sleep inertia) எனப்படும் அந்த நிலைக்கு அதை வைத்துக்கொள்ளலாம். கண்ணயர்ந்தவர் தூங்கியேவிட்டார். தவிர, அயர்வு என்றால் களைப்பு. களைத்தவருக்குத் தூக்கம் வராமலும் போகும். மெல்போர்னில் உருவாகி 1991இல் வெளிவந்த எப்வர்த் அளவுகோல், பகலில் எவ்வளவு தூக்கம் வருகிறது என்று அளக்கும் வினாப்பட்டியல், களைப்பையும் தூக்கத்தையும் கலக்காது. உட்கார்ந்து படிக்கையில், டிவி பார்க்கையில் என 8 சூழல்களில் கண் மூடிவிடும் வாய்ப்பை மட்டும் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் தரும். மொத்தம் 24, 10ஐத் தாண்டினால் மிகை.

என் பரிந்துரை 'தூக்கச்சொக்கு'. 'கண்ணு சொக்குது' என்று வீட்டில் சொல்வது தூக்கத்துக்கு முந்திய இந்த நிலையைத்தான். மிகைத் தூக்கச்சொக்கு, பகல்நேரத் தூக்கச்சொக்கு என்று நீட்டவும் வளைந்து கொடுக்கும். தூங்க வைக்கும் மருந்துக்குச் 'சொக்கூட்டி' என்னலாம்.

> சொக்குப்பொடி நினைவுக்கு வருகிறதே, அம்மா!

'தூக்க' என்ற முன்பகுதி இருக்கும்வரை குழப்பம் வராது. சொக்கூட்டியில் அது இல்லை, சரிதான். அங்கே 'தூக்கமூட்டி' போதும். மருந்து உறையில் மட்டும் கலைச்சொல்லே வேண்டாம்: 'கண் சொக்கும். வண்டி ஓட்டாதீர்கள்.'