இரண்டு லட்ச ரூபாய்க்குள் தங்கையின் திருமணம்

கேள்வி:
தை மாதம் கும்பகோணத்தில் என் தங்கைக்குத் திருமணம். கையிலிருப்பது இரண்டு லட்சம். கடன் வாங்க விருப்பமில்லை. இருநூறு பேர் வருவார்கள். மண்டபத்தார் இரண்டு நாள் வாடகையாகவே எண்பதாயிரம் கேட்கிறார்கள். எதைக் குறைப்பது?

மறுமொழி 1:
முதல் நாள் மாலை வரவேற்பை விட்டுவிடுங்கள்; மண்டப வாடகை, இரவுச் சாப்பாடு, மேடை அலங்காரம் ஆகிய மூன்றும் அதோடு போய்விடும். கோயிலில் தாலி கட்டி, அருகிலுள்ள சிறிய கூடத்தில் மதிய விருந்து மட்டும் வைத்தால் போதும். சமையற்காரரிடம் இலைக் கணக்கில் பேசும்போது, நூற்றைம்பது இலைக்கு உறுதி சொல்லி, மிகுதியைப் பரிமாறியபின் கணக்குப் பார்ப்பதாக எழுதி வாங்குங்கள்; அழைத்தவர்கள் அனைவரும் வருவதில்லை. எங்கள் வீட்டில் இதைச் செய்யாமல் நாற்பது இலைக்கு வீணாகப் பணம் கொடுத்தோம்.

மறுமொழி 2:
தமிழ்நாட்டில் 1967ஆம் ஆண்டுத் திருத்தத்தால் இந்து திருமணச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 7அ பிரிவின்படி, புரோகிதர் இல்லாமல், உறவினர்கள் முன்னிலையில் மாலை மாற்றிக்கொண்டாலும் திருமணம் செல்லும். எம்முறையானாலும் 90 நாட்களுக்குள் பதிவு செய்துவிடுங்கள்.

கேட்டவர்:
நன்றி. நாதஸ்வரம் இல்லாத திருமணத்துக்கு வரமாட்டேன் என்கிறார் பாட்டி.

மறுமொழி 1:
அதைக் குறைக்காதீர்கள். புகைப்பட ஆல்பத்தைக் குறையுங்கள்.