பஸ்ராவுக்குப் போன தாத்தாவின் அண்ணனைப் பற்றி அறிவது எப்படி?

கேள்வி

எங்கள் ஊர்ச் சாவடிச் சுவரில் ஒரு கல் பதிக்கப்பட்டிருக்கிறது. 1914-1919 பெரும்போருக்கு இவ்வூரிலிருந்து 31 பேர் சென்றனர், அவர்களில் 4 பேர் உயிர் நீத்தனர் என்று அதில் ஆங்கிலத்தில் வெட்டியிருக்கிறார்களே தவிர, ஒருவர் பெயரும் இல்லை. அந்த நால்வரில் ஒருவர் என் தாத்தாவின் அண்ணன். கல்யாணம் ஆகும் முன்பே பட்டாளத்தில் சேர்ந்து, இன்றைய ஈராக்கில் உள்ள பஸ்ராவுக்குக் கப்பலேறியவர் திரும்பி வரவில்லை என்பதற்கு மேல் வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது. அவர் பெயர் பொறித்த வட்டமான வெண்கலத் தகடு ஒன்று பூஜை அறையில் இருக்கிறது. அதில் சூலம் ஏந்திய பெண்ணும் சிங்கமும் இருப்பதால், அம்மன் என்றே எண்ணிப் பாட்டி கடைசிவரை குங்குமம் வைத்துவந்தார். அவர் எந்தப் படையில் இருந்தார், எங்கே இறந்தார் என்பதை எப்படி அறியலாம்?

முதல் பதில்

அது அம்மன் அல்ல, பிரிட்டானியா என்னும் பிரிட்டனின் உருவகப் பெண். போரில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்ட தகடு அது. சிப்பாய்க்கும் தளபதிக்கும் வேற்றுமை கூடாது என்று அதில் பெயரை மட்டுமே பொறித்தார்கள்; அந்த நல்லெண்ணமே இன்று உங்கள் தேடலுக்கு இடைஞ்சல். தகட்டோடு மெடலும் வந்திருக்கும், அதைத் தேடுங்கள். மெடலின் விளிம்பில் படை எண், பெயர், படைப்பிரிவு ஆகியவை பொடி எழுத்தில் இருக்கும். பிரிட்டிஷ் போர் மெடல் வெள்ளியாக இல்லாமல் வெண்கலமாக இருந்தால், அவர் துப்பாக்கி ஏந்தியவராக இல்லாமல் தொழிலாளர் படை போன்ற துணைப் பிரிவில் இருந்திருக்கக்கூடும்.

இரண்டாம் பதில்

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பதிவேட்டில் கட்டணமின்றித் தேடலாம். நம் பெயர்களை அன்றைய எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள் என்பதால், பெயரை மட்டும் நம்பாமல் தகப்பனார் பெயர், ஊர், தாலுகா ஆகியவற்றையும் பலவித எழுத்துக்கூட்டல்களில் இட்டுப் பாருங்கள்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். 40,000-க்கும் மேற்பட்டோரை நினைவுகூரும் பஸ்ரா நினைவுச்சின்னத்தில் பிரிட்டிஷ் வீரர்களின் பெயர்களையும் இந்திய அதிகாரிகளின் பெயர்களையும் பொறித்தவர்கள், இந்தியச் சிப்பாய்களை அந்தந்தப் படைப்பிரிவின் கீழ் வெறும் எண்ணிக்கையாகவே காட்டினார்கள். பெயர்கள் ஏட்டில் மட்டும் இருந்தன. இந்த ஓரவஞ்சனையை ஆணையமே 2021-இல் ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தது. உங்கள் ஊர்ச் சாவடிக் கல்லும் அதையேதான் செய்திருக்கிறது.

கேட்டவர்

மெடல் சித்தப்பா வீட்டு டிரங்குப் பெட்டியில் கிடைத்தது, வெள்ளிதான். ஆண்டுதோறும் சாமி சாமான்களோடு சேர்த்துப் புளி போட்டுத் தேய்த்ததில் விளிம்பு மழுங்கிவிட்டது. மெல்லிய காகிதத்தை வைத்துப் பென்சிலால் உரசியபோது எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களும், அவர் பெயரின் முதல் பாதியும் தெரிந்தன. தாலுகா பெயரை வைத்து இன்றிரவு பதிவேட்டில் தேடப்போகிறேன். மற்ற மூவரின் வீடுகள் எவை என்று ஊர்ப் பெரியவர்களிடம் விசாரிக்கவும் தொடங்கியிருக்கிறேன்.