மார்ஷ்மெல்லோவுக்குக் காத்திருக்காத பிள்ளை தேறாதா?

தேன்மொழி:
"15 நிமிடம் மார்ஷ்மெல்லோவைத் தொடாமல் உட்காரத் தெரியாத பிள்ளை பின்னாளில் தேறாது, ஸ்டான்ஃபோர்டிலேயே நிரூபித்துவிட்டார்கள்" என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். மனம் ஆறவில்லை. உளவியலாளர் வால்டர் மிஷல் சோதித்தது அந்தப் பல்கலைக்கழக வளாகப் பாலர் பள்ளிப் பிள்ளைகளை. முன்னால் ஒரு மார்ஷ்மெல்லோ மிட்டாயை வைத்து, தின்னாமல் காத்திருந்தால் இரண்டு தருவதாகச் சொன்னார். 2018-இல் வாட்ஸ், டங்கன், குவான் மூவரும் 900-க்கு மேற்பட்ட குழந்தைகளின் தரவைப் பார்த்தபோது காத்திருந்த நேரத்துக்கும் பின்னாள் படிப்புக்கும் உள்ள தொடர்பு பாதியாகச் சுருங்கியது. குடும்பச் சூழலைக் கணக்கில் சேர்த்ததும் அதிலும் பெரும்பங்கு போய்விட்டது.

கணக்கன்:
எழுதியது நான்தான். 2018-இல் காத்திருக்க வைத்தது 7 நிமிடம். மிஷல் வைத்தது 15. பாதித் தூரம் ஓடவிட்டுப் பந்தய முடிவு சொல்வீர்களோ?

தேன்மொழி:
அதே ஆய்வில் முதல் 20 விநாடியைத் தாண்டினார்களா என்பதே பெரும்பாலான வித்தியாசத்தைக் காட்டிவிட்டது. அப்புறம் எதற்கு 15?

கணக்கன்:
7 எப்போதும் 15 ஆகாது அம்மா.

மூன்றாம் பெஞ்ச்:
2013-இல் செலஸ்ட் கிட் என்ற ஆய்வாளரின் குழு செய்ததைப் பாருங்கள். சொன்ன வாக்கைக் காப்பாற்றிய பெரியவரிடம் பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள், ஏமாற்றியவரிடம் 3 நிமிடம். நம்பிக்கை இல்லாத இடத்தில் எந்தப் பிள்ளை காத்திருக்கும்?

கணக்கன்:
28 பிள்ளைகளை வைத்தா? நல்ல ஆராய்ச்சி.

தேன்மொழி:
காத்திருந்த பிள்ளைகள் பின்னாளில் கூடுதல் மதிப்பெண் எடுத்தார்கள் என்று 1990-இல் மிஷல் குழு காட்டிய தொடர்புக்கு ஆதாரம் ஐம்பது பேரைக்கூட எட்டவில்லை. அதற்கு மட்டும் தலையாட்டினீர்களே! என் மகனுக்குக் கவனக்குறைவு மிகைச் செயல்பாடு (ADHD) இருக்கிறது. வகுப்பில் ஒருநாள் சாக்லேட் வைத்து இதே சோதனை நடந்தது. இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டு, உதட்டைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தானாம். கடைசியில் எடுத்துவிட்டான். "கட்டுப்பாடு இல்லை" என்று குறிப்பேட்டில் எழுதி அனுப்பினார்கள். அந்தக் கைகளை யாரும் பார்க்கவில்லை. தின்பண்டத்தை மறைத்து வைத்தால் பிள்ளைகள் கூடுதல் நேரம் காத்திருப்பார்கள் என்று மிஷலே காட்டியிருக்கிறார். அதை ஏன் யாரும் சொல்வதில்லை?

கணக்கன்:
சொந்தக் கதை ஆய்வாகாது. 7 நிமிடத்துக்குப் பதில் எங்கே?

மூன்றாம் பெஞ்ச்:
போன மாதம் எழுத்தைத் திருப்பி எழுதினாலே டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாடு என்று அடித்துச் சொன்னவர்தானே நீங்கள்? எழுதப் பழகும் வயதில் எல்லாப் பிள்ளைகளும் அப்படி எழுதும் என்று பத்துப் பேர் சொல்லியும் கேட்டீர்களா?

கணக்கன்:
அதை ஏன் இங்கே இழுக்கிறீர்கள்? அப்போதும் நான் சொன்னது சரிதான்.

தேன்மொழி:
எது சரி? அன்றைக்குப் பத்துப் பேர் சொன்னதற்கே இன்னும் பதில் வரவில்லை.

கணக்கன்:
முதலில் 7 நிமிடத்துக்குப் பதில் சொல்லுங்கள்.