தஞ்சை கலைக்கூடத்துக்கு 40 பிள்ளைகள்: உதவி தேவை

வணக்கம். காரைக்குடி பக்கத்து அரசுப் பள்ளி எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 40 பேரைத் தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்துக்கு அழைத்துப் போகிறோம். பரீட்சை அட்டை 40, பென்சில் 40 வேண்டும். பேனா கூடாது, சிலைகளுக்குப் பக்கத்தில் மை ஆகாது.

மொத்தமாக உள்ளே விட்டால் பிள்ளைகள் பெயர்ப்பலகையை எழுதிக்கொண்டு வந்துவிடுவார்கள். சிலையைப் பார்க்க மாட்டார்கள். அதனால் பத்துப் பத்துப் பேராக 4 குழு, ஒரு சிலைக்கு 20 நிமிடம். முதல் 5 நிமிடம் பென்சிலைத் தொடவே கூடாது.

திருவெண்காட்டு ரிஷபவாகனரை, அதாவது காளையை வாகனமாகக் கொண்ட சிவன் சிலையை மட்டும் நான்கு குழுவும் பார்த்தாக வேண்டும். 11ஆம் நூற்றாண்டுச் சோழர் செப்புத் திருமேனி. தலையில் பாகை போலச் சுற்றிய சடை. காளைமேல் ஊன்றிய கை அப்படியே நிற்கிறது, காளைதான் இல்லை! கையின் உயரத்தை வைத்து அந்தக் காளையை வரையச் சொல்லப்போகிறோம்.

இப்படிச் சிலையைப் பார்த்து வரைய வைக்கும் கேள்வித்தாள் எழுதித் தர ஓவிய ஆசிரியர்கள் யாராவது முன்வர முடியுமா? அனுமதிக் கடித மாதிரி இருந்தாலும் அனுப்புங்கள். ஆத்தங்குடி பக்கத்து அண்ணாச்சிமார்களே, பூக்கல் (தரையில் பதிக்கும் பூ வேலைப்பாட்டுக் கல்) வார்க்கும் பழைய தகர அச்சு ஒன்று இருந்தால் ஒரு வாரம் கொடுங்கள். ஊர் திரும்பியதும் வகுப்பில் காட்ட வேண்டும்.